ஏ.சி.யும் நான் தவறாகப் போட்ட அம்புக்குறியும்



போன மாதம் ராமநாயக்கன் ஏரியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு "அடுத்தது எப்போ டீச்சர்?" என்று கேட்டவர்களுக்காக இது. கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து படியுங்கள். இதில் ஒரு திருத்தமும் இருக்கிறது. 1990-களில் என்னிடம் ஏழாம் வகுப்பு அறிவியல் படித்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

என் மகள் குடும்பம் ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறது. பேரனுக்கு ஐந்து வயது. போன ஏப்ரலில் இருந்து காலையில் எழுந்தால் தும்மல். ஒன்றிரண்டு இல்லை, பதினைந்து இருபது. மூக்கைத் தேய்த்துத் தேய்த்து மூக்கின் மேல் ஒரு கோடே விழுந்துவிட்டது. மே மாதம் இரண்டு இரவு மூச்சு வாங்கி, நெபுலைசர் வைக்கிற அளவுக்குப் போய்விட்டது. குழந்தையின் நெஞ்சில் இருந்து பூனை உறுமுவது போல அந்தச் சத்தம் கேட்கும்போது பெரியவர்களுக்குக் கை கால் ஓடாது.

வீட்டில் மூன்று கட்சி. சம்பந்தியம்மா, "எல்லாம் இந்த ஏ.சி. பெட்டியால வந்தது, கழட்டிக் கடாசுங்க" என்றார். மாப்பிள்ளை, "ஏ.சி. இல்லாம ஜன்னலைத் திறந்தா ரோட்டுப் புழுதி முழுக்க உள்ள வரும் அத்தை" என்றார். நான் மாப்பிள்ளை பக்கம். அறிவியல் டீச்சர் அல்லவா, "ஏ.சி. வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, குளிர வைத்துத்தானே உள்ளே விடுகிறது? அதனால் எப்படி வரும்?" என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் சர்வீஸ் செய்ய வந்த மெக்கானிக் என்னைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என் மாணவன். ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வான், விட்டுவிடுகிறேன். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. ஸ்ப்லிட் ஏ.சி. வெளிக்காத்த ஒரு துளி கூட இழுக்காது டீச்சர். ரூம்ல இருக்கற காத்தையேதான் திரும்பத் திரும்பச் சுத்தி விடும்."

"அப்படியாப்பா? நான் அப்படித்தானே பாடம் நடத்தினேன்?"

"ஆமா டீச்சர், போர்டுல படம் போட்டீங்க. வெளியில இருந்து உள்ள ஒரு அம்புக்குறி. ஐ.டி.ஐ.யில சேர்ந்து அதையே வரைஞ்சு அங்க நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

முப்பது வருடம் கழித்து எனக்குக் கிடைத்த சிவப்பு மை அது. சரி, இந்தக் காற்றின் கதை என்னதான் என்று அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன். மகள் நூலகத்தில் இருந்து புத்தகம் எடுத்துத் தந்தாள், சிலவற்றை இணையத்தில் படித்தேன், மிச்சத்தை அந்தப் பையனையே கேட்டேன்.

முதலில் என் தவறு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் ஓசூரில் ஏ.சி. என்றால் பேங்க் மேனேஜர் அறையில் ஜன்னலில் பதித்த பெட்டி ஒன்றுதான். பாதி உள்ளே, பாதி வெளியே. தெருவில் நின்றால் பின்பக்கம் சூடான காற்று முகத்தில் அடிக்கும், தண்ணீர் சொட்டும். உள்ளே போனால் சில்லென்று இருக்கும். வெளிக்காற்று உள்ளே போகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். உண்மையில் அந்தப் பெட்டிக்கு நடுவில் ஒரு தடுப்பு உண்டு. முன்பாதி அறைக்காற்றைச் சுற்றும், பின்பாதி தெருக்காற்றைச் சுற்றும், இரண்டும் கலப்பதில்லை. 'வென்ட்' என்று ஒரு சின்னக் குமிழைத் திருகினால் கொஞ்சம் காற்று மாறும், அவ்வளவுதான். இப்போது வரும் ஸ்ப்லிட்டில் அந்தக் குமிழும் இல்லை. உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே போவது செம்புக்குழாய், அதற்குள் ஓடுவது குளிரூட்டும் வாயு. அறைக்குள் இருக்கிற சூட்டை அது தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. அறைக்காற்று அறையிலேயேதான் இருக்கிறது. வெளிக்காற்றை நிஜமாகவே இழுத்து உள்ளே விடுவது, தண்ணீர் ஊற்றி வைக்கும் ஏர் கூலர். அதை நாம் ஏழைகளின் ஏ.சி. என்று கேலி செய்கிறோம்.

இந்த இயந்திரம் மனிதனுக்காகச் செய்ததே அல்ல என்பதுதான் நான் படித்ததில் எனக்குப் பெரிய ஆச்சரியம். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு அச்சகம். கோடை ஈரப்பதத்தில் தாள் ஊதிவிடும், உலர்ந்தால் சுருங்கிவிடும். ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணத்தை அச்சிட்டால் கோடு விலகிப்போகும். அதைச் சரிசெய்ய 25 வயதுப் பொறியாளர் வில்லிஸ் கேரியர், குளிர்ந்த குழாய்ச் சுருளின் மேல் காற்றை ஓடவிட்டு அதில் உள்ள ஈரத்தைப் பிடித்தார். இன்றைய ஏ.சி.யின் மூதாதை அது. 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரை 1906-ல் வைத்தவர் ஸ்டூவர்ட் கிரேமர் என்ற நூற்பாலைப் பொறியாளர். பஞ்சு நூல் அறுந்து போகாமல் இருக்க ஆலைக்குள் ஈரப்பதம் வேண்டும், அதற்காக. முதலில் தாள், பிறகு நூல். மனிதர் அதற்கப்புறம்தான்.

நம் ஊரிலும் அதே வரிசைதான் என்று சொன்னால் நம்புவீர்களா? எங்கள் சின்ன வயதில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கம் பட்டுப்புழு வளர்த்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். புழுவுக்கு 24-ல் இருந்து 28 டிகிரி வெப்பம் வேண்டும், ஈரப்பதம் 70, 80 சதவீதத்துக்கு மேல் வேண்டும். வீட்டில் நல்ல அறை எதுவோ அது புழுவுக்கு. ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கும். மார்கழிக் குளிரில் கரி அடுப்பு உள்ளே போகும். வீட்டுக்காரர்கள் திண்ணையில் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். என் வகுப்பிலேயே "புழு நாலாம் தோல் உரிக்குது டீச்சர், மல்பெரி தழை வெட்டணும்" என்று லீவு கேட்ட பிள்ளைகள் இருந்தார்கள். பிறகு 1980-களில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வந்தது. டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய நிறுவனம். உங்களில் சிலருடைய அண்ணன் அக்காமார் பிளஸ் டூ முடித்து அங்கே வேலைக்குப் போனார்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் பல்சக்கரத்தில் ஒரு தூசி விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். ஆக ஓசூரில் காற்று முதலில் புழுவுக்காகப் பதப்பட்டது, அப்புறம் கடிகாரத்துக்காக. இப்போது செல்போன் பாகங்கள் செய்கிற ஆலைகளில் நம் பெண்பிள்ளைகள் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு உள்ளே போவதும் அந்தப் பாகங்களைத் தூசியில் இருந்து காப்பாற்றத்தான், அவர்களைக் காப்பாற்ற அல்ல. படுக்கையறைக்கு அது வந்தது நேற்றுத்தான்.

வெள்ளைக்காரர் காலத்துச் சென்னைக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது, கூரையில் தொங்கும் பங்காவை ஒரு ஏழை மனிதர் கயிறு கட்டி நாள் முழுக்க இழுப்பது, அமெரிக்காவில் இருந்து கப்பலில் ஐஸ் கொண்டுவந்து கடற்கரையில் 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸில் அடுக்குவது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் பார்க்கும் அதே கட்டடம். ஓசூருக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். நான் வேலைக்குச் சேர்ந்த 1981-ல் எங்கள் பள்ளியில் மின்விசிறியே கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. பிறகு சிப்காட் பெருகியது, மரம் குறைந்தது, கான்கிரீட் கூடியது. 2016 ஏப்ரலில் பக்கத்துப் பெங்களூரில் 39.2 டிகிரி அடித்த வாரத்தில்தான் மகள் வீட்டில் முதல் ஏ.சி. பற்றிய பேச்சே எழுந்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். "அந்தக் காலத்தில் சுத்தமான காற்று, இப்போதுதான் கெட்டுவிட்டது" என்று எழுதினால் நிறைய லைக் விழும். அது பொய். வீட்டுக்குள் நான் சுவாசித்ததிலேயே மோசமான காற்று என் அம்மாவின் சமையலறைக் காற்றுதான்.

தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். ஓட்டு வீடு, சமையலறைக்கு ஜன்னல் இல்லை, கூரையில் ஒரு ஓடு அளவுக்குச் சந்து. விறகு, வரட்டி, மழைக்காலத்தில் காயாத தைலமரக் குச்சி. களிக்கு உலை கொதிக்கும் வரை அம்மா ஊதாங்குழலால் ஊதிக்கொண்டே இருப்பார். குளிருக்குக் கதவையும் சாத்திவிடுவோம். உத்தரம் எல்லாம் தார் பூசியது போலக் கறுத்துக் கிடக்கும். அப்பா அதைப் பெருமையாகச் சொல்வார், புகை பட்டால் கரையான் ஏறாது, பரணில் இருக்கும் விதைத் தானியத்தில் வண்டு விழாது என்று. அது உண்மையும்தான். வண்டு விழவில்லை. அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதில் இருமல் ஆரம்பித்தது. ஊரில் எல்லாப் பெண்களுக்கும் அந்த இருமல் இருந்ததால் அதை யாரும் நோய் என்று நினைக்கவில்லை. "அம்மாவுக்கு எப்பவும் சளி" என்போம், அவ்வளவுதான். 1991-ல் மூச்சு முட்டிப்போய் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்த டாக்டர் என்னிடம், "இவங்க எத்தனை வருஷமா பீடி பிடிக்கறாங்க?" என்று கேட்டார். அம்மா வெற்றிலை கூடப் போடாதவர். அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்தது. "என்னம்மா கேக்கறாரு?" என்று என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை. அந்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த டாக்டரைக் குறை சொல்லவில்லை. அப்போது இது பாடப்புத்தகத்திலேயே சரியாக ஏறாத விஷயம். கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1980-களின் தொடக்கத்தில்தான் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் எவ்வளவு புகையைச் சுவாசிக்கிறார்கள் என்று அளந்து பார்த்தார். நம் தமிழ்நாட்டுக் கிராமத்துச் சமையலறைகளை அளந்து உலகத்துக்குக் காட்டியவர் போரூர் ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன். அவருடைய முக்கியமான கட்டுரை 2002-ல் வந்தது. இத்தனைக்கும் ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் 1953-லேயே புகையில்லா அடுப்பு பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். மத்திய அரசு 1983-ல் அதைத் திட்டமாகவே ஆக்கியது. எங்கள் ஊரிலும் வந்து நாலு வீட்டில் கட்டினார்கள். ஆறே மாதத்தில் புகைக்குழாயில் கரி அடைத்துக்கொண்டது, அதை எப்படிச் சுத்தம் செய்வது என்று சொல்லித்தர ஆள் வரவில்லை. அம்மா அதன் மேல் குடத்தைக் கவிழ்த்து வைத்தார். 2006-க்குப் பிறகு தமிழக அரசு கொடுத்த கேஸ் அடுப்பும், 2016-ல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலாவும்தான் உண்மையில் நம் பக்கத்துப் பெண்களின் கண்ணைத் துடைத்தன. அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை.

ஆக, வீட்டுக்குள் புகை போயிற்று. அலர்ஜி வந்தது. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று பதில் இல்லை, ஆனால் காலம் ஒட்டிக்கொண்டு வந்தது.

'அலர்ஜி' என்ற சொல்லே 1906-ல் வியன்னாவில் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்க்கே உருவாக்கியது. உடம்பு, தனக்குத் தீங்கு செய்யாத ஒன்றைப் பகைவன் என்று நினைத்துப் படை திரட்டுவது. தமிழில் ஒவ்வாமை என்கிறோம். அதற்கு முன்பே 1873-ல் மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர், புல் மகரந்தத்தைத் தன் மூக்கிலேயே போட்டுத் தும்மித் தும்மிப் பார்த்து, வைக்கோல் காய்ச்சல் என்று சொன்னது மகரந்தத்தால்தான் வருகிறது என்று எழுதினார். இப்படித் தன் மேலேயே சோதனை செய்தவர்களைப் பற்றி வகுப்பில் சொல்லும்போது உங்கள் கண் விரியும், நினைவிருக்கிறதா?

நம் எல்லைப் பக்கத்துக்கு அலர்ஜியில் ஒரு தனி இடம் உண்டு. 1950-களின் நடுவில் புனேயில் முதலில் கண்ணில் பட்ட பார்த்தீனியம் பெங்களூரைச் சுற்றிக் காடாகப் பரவியது, அத்திப்பள்ளி தாண்டி நம் காலி மனைகளுக்கும் வந்தது. அதன் மகரந்தத்தால் மூக்கில் வரும் ஒவ்வாமையைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்தார்கள். பட்டு நூற்பாலைத் தொழிலாளருக்கு வரும் ஆஸ்துமா பற்றி அவர்கள் எழுதிய கட்டுரை 1985-ல் வெளிவந்தது. அதைப் படித்தபோதுதான், பட்டுப்புழு வளர்த்த வீட்டுப் பிள்ளைகள் சிலர் ஏன் எப்போதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார்கள் என்பது எனக்கு உறைத்தது. நான் அவர்களை "கர்ச்சீப் கொண்டுவர மாட்டியா?" என்று திட்டியிருக்கிறேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால், டீச்சருக்குத் தெரியவில்லை அப்பா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் குழந்தை நுரையீரல் மருத்துவர் எச். பரமேஷ் தன் மருத்துவமனைக்கு வந்த 18 வயதுக்கு உட்பட்டவர்களில் ஆஸ்துமா எத்தனை பேருக்கு என்று இருபது வருடம் கணக்கு வைத்தார். 1979-ல் 9 சதவீதம். 1999-ல் 29.5 சதவீதம். மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு என்பதால் ஊர் முழுக்க இதே அளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஏறிய ஏற்றத்தைப் பாருங்கள். அவர் முக்கியமாகச் சுட்டியது வாகனப் புகையையும் நகரப் பெருக்கத்தையும். வீட்டு ஏ.சி. அப்போது பெரும்பாலான வீட்டில் இல்லை. எனவே எல்லாப் பழியையும் பெட்டியின் மேல் போட முடியாது. சம்பந்தியம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பேரனைக் காட்டிய டாக்டர், கையில் வரிசையாகச் சொட்டு விட்டு ஊசியால் லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனை செய்தார். மகரந்தச் சொட்டுகள் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வீட்டுத் தூசிச் சிற்றுண்ணி இருந்த இடத்தில் கொசுக்கடி போலத் தடித்துக்கொண்டது. இந்த உண்ணியைக் கண்ணால் பார்க்க முடியாது. நம் உடம்பில் இருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. அதன் கழிவுதான் பகை. வீட்டுத் தூசி அலர்ஜிக்கு இதுதான் காரணம் என்று 1960-களில் ஹாலந்தின் லைடன் நகரத்தில் வூர்ஹோர்ஸ்ட் என்பவரும் அவர் குழுவும் கண்டுபிடித்தார்கள். அதுவரை தூசியை மட்டும்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த உண்ணிக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது, காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான் உயிர் வாழும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் காய்ந்து செத்துவிடும்.

இங்கேதான் கதை திரும்புகிறது. ஏ.சி. ஈரத்தை எடுக்கிற இயந்திரம் ஆயிற்றே, அப்படியானால் அது உண்ணிக்கு எதிரி அல்லவா? ஒழுங்காக ஓடினால் ஓரளவு ஆமாம். அந்தப் பையன் என்ன சொன்னான் தெரியுமா? "சென்னையில வருஷம் பூரா ஓடுது டீச்சர். நம்ம ஓசூர்ல மார்ச் கடைசில ஆரம்பிச்சு ஜூன்ல நிறுத்திடுவாங்க. ஒன்பது மாசம் மூடிக் கெடக்கும். அடுத்த ஏப்ரல்ல எங்களைக் கூப்பிடாம நேரா ரிமோட்டை அமுக்குவாங்க. அந்த மொதல் காத்துதான் மோசம்."

சொல்லிவிட்டு உள்பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினான். வலைபோன்ற ஃபில்டரில் கம்பளி மாதிரி தூசி. அது சரி, எதிர்பார்த்தது. அதற்குப் பின்னால் அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கிய சுருள். ஓடும்போது அதன் மேல் தண்ணீர் பனிக்கும், செம்பு டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே வியர்க்குமே அதுபோல. வலைக்குத் தப்பிய மெல்லிய தூசி அந்த ஈரத்தில் ஒட்டும். நிறுத்தியதும் ஈரம் அங்கேயே நிற்கும். இருட்டு, ஈரம், தூசி. பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்? கீழே தண்ணீர் வடியும் தட்டில் அவன் விரலை விட்டு எடுத்தான், கறுப்பாகக் கூழ். காற்றை வீசும் உருளையின் ஒவ்வொரு இதழிலும் கறுப்புப் புள்ளி. "இதுக்கு முன்னாடிதான் டீச்சர் குட்டிப் பையன் கட்டில்" என்றான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

மூடிய அறையின் கதை உலகத்திலும் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. ஜெர்மனியில் முனிச் நகரத்து மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் 1858-லேயே சொன்னார், அறைக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 1,000 பங்கைத் தாண்டினால் அந்த அறையில் காற்று மாறவில்லை என்று பொருள். அந்த அளவில் வாயுவே விஷம் அல்ல, நாம் விட்ட மூச்சை நாமே திரும்ப இழுக்கிறோம் என்பதற்கு அது அடையாளம். வெளியே இன்று அது 420 போல இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஜன்னல் இடுக்கையும் துணி வைத்து அடைத்து மூன்று பேர் படுத்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெட்டன்கோஃபர் கோட்டைத் தாண்டிவிடும். விடிவதற்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கும்.

1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்காவில் மின்சாரத்தை மிச்சப்படுத்த அலுவலகக் கட்டடங்களை இறுக்கி மூடினார்கள், உள்ளே விடும் வெளிக்காற்றைக் குறைத்தார்கள். பத்து வருடத்துக்குள் தலைவலி, கண் எரிச்சல், மூக்கடைப்பு, வீட்டுக்குப் போனால் சரியாகிவிடுகிறது என்று ஊழியர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். 'சிக் பில்டிங் சிண்ட்ரோம்' என்று பெயர் வந்தது. நோயாளி யார் என்றால் கட்டடம்! 1976-ல் ஃபிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் முன்னாள் ராணுவ வீரர்கள் கூடிய மாநாட்டை ஒட்டி 221 பேர் நோயில் விழுந்து 34 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அதன் கிருமியைக் கண்டுபிடித்தார்கள், பிறகு அதற்கு லெஜியனெல்லா என்று பெயர் வைத்தார்கள். உடனே பயந்துவிடாதீர்கள். அது பெரிய கட்டடங்களின் குளிர்விப்புக் கோபுரத் தண்ணீர் போன்றவற்றில் வளர்வது. வீட்டு ஸ்ப்லிட்டில் அந்தத் தண்ணீர்த் தொட்டி கிடையாது. வாட்ஸ்அப்பில் இதைக் கலந்து அனுப்புகிறார்கள், என் தம்பி உட்பட.

கொரோனா காலத்தில் ஒரு விஷயம் தெரிந்தது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோவில் ஒரு ஜன்னல் இல்லாத உணவகத்தில் ஏ.சி. காற்று சுற்றிய மூன்று மேஜைகளில் இருந்த மூன்று குடும்பங்களில் 10 பேருக்குத் தொற்று. அந்த ஏப்ரலில் இந்தியக் குளிரூட்டுப் பொறியாளர் சங்கம் வீடுகளுக்குச் சொன்ன அறிவுரை: 24-க்கும் 30-க்கும் நடுவில் வையுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். அதே வருடம் ஜனவரியில் இருந்து புது ஏ.சி.க்களுக்கு 24 டிகிரி என்பதே தொடக்க அளவு என்று மத்திய அரசு ஆக்கியது, அது மின்சாரத்துக்காக. நம் வீட்டில் முதல் வேலையாக அதை 18-க்கு இறக்குவோம். பிறகு கம்பளி போர்த்துவோம். அந்தக் கம்பளியில் உண்ணி.

சின்ன வயதில் நாங்கள் படுத்தது கோரைப்பாய். விடிந்தால் சுருட்டி மூலையில் நிறுத்துவோம். இலவம்பஞ்சு மெத்தை இருந்த வீட்டில் பங்குனி வெயிலில் மொட்டை மாடியில் போட்டுத் தடியால் அடிப்பார்கள். பேரனுடைய மெத்தை எட்டு அங்குலம் கனம், இரண்டு ஆள் சேர்ந்தாலும் லிஃப்டில் ஏறாது, வாங்கிய நாளில் இருந்து வெயிலைப் பார்த்ததில்லை. இன்னொன்று. அதே மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருளும் எரிந்துகொண்டிருந்தது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்து 2003-ல் வந்த ஒரு ஆய்வு, ஒரு சுருளில் இருந்து வரும் நுண்துகள் 75-ல் இருந்து 137 சிகரெட் வரைக்கும் சமம் என்றது. இதைப் படித்தபோது எனக்கு அந்த எக்ஸ்ரே டாக்டரின் கேள்விதான் காதில் கேட்டது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவது நான். அதையும் இப்போது வராந்தாவோடு நிறுத்திவிட்டேன்.

நாங்கள் செய்தது பெரிதாக ஒன்றும் இல்லை. பையன் இரண்டு மணி நேரம் பம்ப் வைத்துச் சுருளையும் உருளையையும் கழுவினான். காசு வாங்க மாட்டேன் என்றான், திட்டி வாங்க வைத்தேன். கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்துக் காட்டினான், டீக்கடைப் பாய்லர் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. மெத்தைக்கும் தலையணைக்கும் உண்ணி நுழையாத உறை வாங்கினார்கள். போர்வை வாரம் ஒரு தடவை சுடுதண்ணீரில். பஞ்சு அடைத்த கரடி பொம்மை இரண்டு பரணுக்குப் போயிற்று, பெரிய அழுகை. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாப்பிள்ளையே கழுவுகிறார். ஜன்னலுக்குத்தான் சண்டை தீரவில்லை. சாயங்காலம் திறந்தால் பாகலூர் ரோட்டு லாரிப் புழுதி நிஜமாகவே வருகிறது, மாப்பிள்ளை சொன்னது தவறில்லை. கடைசியில் விடியற்காலை ஐந்தில் இருந்து ஆறரை வரை எல்லா ஜன்னலும் திறப்பது, இரவு ஏ.சி. ஓடும்போது பாத்ரூம் பக்கத்து ஜன்னலை இரண்டு விரல் இடைவெளி விடுவது என்று ஒரு ஒப்பந்தம். கரண்டு பில் கொஞ்சம் ஏறியது.

தும்மல் பதினைந்தில் இருந்து மூன்று நாலாகக் குறைந்திருக்கிறது. இன்ஹேலர் இன்னும் உண்டு, டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது, யாரும் என் பதிவைப் படித்து நிறுத்திவிடாதீர்கள். மார்கழிப் பனி வரட்டும், அப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். சம்பந்தியம்மா அந்தப் பெட்டியை இன்னும் முறைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இனி திருத்தம். 1990-களில் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர்கள், அந்த நோட்டு யாரிடமாவது இன்னும் இருந்தால் எடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் படத்தில் வெளியில் இருந்து அறைக்குள் ஒரு அம்புக்குறி இருக்கும். அதை அடித்துவிட்டு, அறைக்குள்ளேயே வட்டமாகச் சுற்றிவரும் ஒரு அம்புக்குறி போடுங்கள். படத்துக்கு நான் மதிப்பெண் போட்டிருந்தால் அது அப்படியே இருக்கட்டும். தப்பு என்னுடையது.